அரியலூர்க் கற்களைத் தேடியவர்கள்

ஓய்வு நேரத்தைப் பயனுறக் கழிக்க மனிதர் மேற்கொண்ட பழக்கங்கள் பல. தபால் தலை சேர்ப்போர் உளர். பழங்காசு சேர்ப்போர் உளர். வண்ணத்துப் பூச்சிகளை இனம் பிரித்து வைப்போரும் உளர். அவ்வாறே, ஓடைக் கரைகளிலும் வெட்டுக் குழிகளிலும் அலைந்து, பண்டை உயிர்களின் உருவம் பதிந்த கற்களைத் தேடி எடுத்து, அவற்றைத் துலக்கி வைப்பதையே இன்பமாகக் கொண்டவர்களும் உண்டு. அக்கற்களைப் புதைபடிவங்கள் என்று வழங்குகிறோம்.

மற்றப் பொழுதுபோக்குகளுக்கு இல்லாத ஒரு பொறுப்பு இதற்கு உண்டு. தபால் தலை ஒன்று கிழிந்தால் அச்சிட்ட பல்லாயிரத்துள் வேறொன்றைத் தேடிப் பெறலாம். புதைபடிவம் ஒன்று உடைந்து போனாலோ, அது எந்த இடத்தில் எந்த அடுக்கில் கிடந்தது என்பது மறந்து போனாலோ, பிறகு அந்தச் செய்தியைத் தர வல்லார் உலகில் எவரும் இலர். இதனை நம் திருச்சிராப்பள்ளிச் சீமையில் நடந்த வரலாற்றைக் கொண்டே நேயர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

முதலில், புதைபடிவம் உண்டாகும் முறையைச் சிறிது அறிந்து கொள்வோம். கடலில் வாழும் ஒரு சிப்பி இறந்து அடியில் விழுகிறது. மெல்லிய உடல் அழுகிப் போகிறது. ஓடு மட்டும் எஞ்சுகிறது. அதன்மேல் ஆறுகள் கொணரும் வண்டலும் மணலும் படிகின்றன. படிவுகள் அடுக்கடுக்காக உயர்ந்து, பாரத்தால் இறுகிப் பாறையாகின்றன. நிலத்தடி நீரில் கரைந்துள்ள சுண்ணமும் சிலிக்காவும் ஓட்டின் நுண்துளைகளுள் புகுந்து அதையும் கல்லாக்குகின்றன. சில வேளை ஓடு முற்றும் கரைந்து, உள்ளே நிறைந்த வண்டலே அச்சில் வார்த்த உருப்போல எஞ்சுவதும் உண்டு. பின்னர் நிலம் உயர்ந்தோ கடல் விலகியோ அப்பாறை வெளிப்படும்போது, மழை அதனை அரித்து உள்ளிருப்பதை நமக்குக் காட்டுகிறது.

இத்தகைய கற்களை நம் முன்னோர் அறியாதிருக்கவில்லை. வைணவர் இல்லங்களில் பூசைப் பெட்டியில் வீற்றிருக்கும் சாளக்கிராமம் நேபாள நாட்டுக் கண்டகி நதியில் கிடைப்பது. அதில் காணும் சக்கர வடிவம், அம்மோனைட்டு என்னும் கடல் உயிரின் சுருண்ட ஓடு பதிந்த பதிவே. இமயம் எழுவதற்கு முன் அங்கே கிடந்த கடலின் வண்டலில் அவ்வுயிர் புதைந்தது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் பெருமரங்களை, திருமாலால் கொல்லப்பட்ட அசுரனின் எலும்புகள் என்று ஊரார் சொல்லி வந்தனர். பிரெஞ்சு நாட்டு இயற்கை ஆராய்ச்சியாளர் சொன்னேரா பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றைக் கண்டு குறித்தார். கண்ட பொருளுக்குக் காரணம் தேட வேண்டும் என்னும் அவா எக்காலத்தும் மக்களிடம் இருந்தது என்பதற்கு இவை சான்று.

இனி அரியலூருக்கு வருவோம். இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் நடந்து செல்பவர் கருவேல முள்ளையும் செம்மண்ணையும் சோளக் காட்டையும் காண்பார். கடலை நினைக்க அங்கே யாதொரு முகாந்தரமும் இராது. ஆனால் ஏறக்குறைய 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இந்திய நிலப்பகுதி தென் கண்டங்களினின்று பிரிந்து விலகிய காலத்தில், இவ்விடத்தில் கடல் புகுந்தது. அது பல கோடி ஆண்டுகள் நின்றது. முன்னேறியும் பின்வாங்கியும் அடுக்குகளை விட்டுச் சென்றது. அவ்வடுக்குகளில் அம்மோனைட்டுகள், அம்பு முனை போன்ற பெலம்னைட்டுகள், சிப்பிகள், நத்தைகள், பவளங்கள், சுறாப் பற்கள் ஆகியவை நிறைந்து கிடக்கின்றன. காரை என்னும் சிற்றூரை அடுத்த பொட்டல் வெளியில் மழை ஓய்ந்தபின் நடந்தால், காலடியிலேயே அவற்றைக் காணலாம். கருடமங்கலத்துச் சிப்பிச் சுண்ணாம்புக்கல்லைத் திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல் என்று பெயரிட்டு, மெருகேற்றி அலங்காரப் பொருள்களாகவும் செய்து வந்தனர்.

இக்கற்களை உலகறியச் செய்தவர்கள் பூகர்ப்ப சாஸ்திரத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர் என்பது வியப்புக்குரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் கல் தேடும் வழக்கம் பெரிதும் பரவியிருந்தது. லைம் ரீஜிஸ் என்னும் கடற்கரை ஊரில் தச்சர் ஒருவரின் மகளாகப் பிறந்த மேரி ஆனிங் என்னும் பெண்மணி, குன்றுச் சரிவிலிருந்து பண்டைக் கடற்பல்லிகளின் எலும்புக்கூடுகளை எடுத்து விற்றுப் பிழைத்து வந்தார். லூயிஸ் என்னும் ஊரில் வைத்தியம் செய்து வந்த கிடியன் மாண்டல், நோயாளிகளைக் கண்டு திரும்பிய நேரங்களில் கற்களைச் செதுக்கிக் கொண்டிருந்தார். 1825-ல் இகுவானோடான் என்னும் பேருருவத்தை உலகுக்கு அறிவித்தவர் அவரே. இந்த ஆர்வத்தைக் கப்பலேறி வந்த உத்தியோகஸ்தர் சிலர் நம் நாட்டிற்கும் கொணர்ந்தனர்.

அவர்களுள் இருவர், சென்னை இராஜதானியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவில் உத்தியோகத்தில் இருந்த கே என்பவரும் கன்லிப் என்பவரும் ஆவர். புதுச்சேரியை அடுத்த இடங்களிலும், விருத்தாசலத்திலும், திருச்சிராப்பள்ளிச் சீமையிலும் கிடைத்த படிவங்களை அவர்கள் திரட்டி இலண்டனில் உள்ள பூகர்ப்ப ஆராய்ச்சிக் கழகத்திற்கு அனுப்பினர். எட்வர்டு போர்ப்ஸ் என்னும் இயற்கை நூற் புலவர் சிப்பி, நத்தை, அம்மோனைட்டு முதலியவற்றை ஆராய்ந்து 1846-ல் விரிவான அறிக்கை வெளியிட்டார். மீன்களின் எச்சங்களைச் சர் பிலிப் எகர்ட்டன் ஆராய்ந்தார். போர்ப்ஸ் இந்தியாவிற்கு வந்தவர் அல்லர். மேசைமேல் வைத்த கற்களைக் கொண்டே, அவை கிரிட்டேசியக் காலத்துக் கடலின் எச்சங்கள் என்று அவர் நிலைநாட்டினார்.

ஆனால் ஒன்றில் அவர் முடிவு நிலைக்கவில்லை. மூன்று இடங்களுள் புதுச்சேரிப் படிவங்களே மிகப் பழையவை என்று அவர் கருதினார். அரை நூற்றாண்டுக்குப் பின், 1895-க்கும் 1898-க்கும் இடையில், ஆஸ்திரிய நாட்டு அறிஞர் கோஸ்மட் தென்னிந்திய அம்மோனைட்டுகளை மீண்டும் ஆராய்ந்து எழுதினார். புதுச்சேரி அடுக்குகள் அக்காலத்தின் இறுதிப் பகுதியைச் சார்ந்தவை என்பது அப்போது தெளிவாயிற்று. இத்திருத்தம் எவ்வாறு இயன்றது? புதுச்சேரிக் கல் புதுச்சேரிக் கல்லாகவும், விருத்தாசலத்துக் கல் விருத்தாசலத்துக் கல்லாகவும் பிரித்துக் குறிக்கப்பட்டிருந்தமையால்தான் இயன்றது. மூன்றையும் ஒரே பெட்டியில் கலந்து அனுப்பியிருந்தால், போர்ப்ஸின் தவற்றை எவராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. புலவரின் கருத்து மாறலாம். கல் எடுத்த இடத்தின் பெயர் மட்டும் மாறாமல் நின்று துணை செய்கிறது.

கே, கன்லிப் ஆகியோர் தொடங்கியதைப் பிறகு இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகா முறையாக மேற்கொண்டது. ஹென்றி பிளான்போர்டு என்பவர் 1857 முதல் 1860 வரை இப்பகுதியை ஊர் ஊராக அளந்தார். 1862-ல் அவர் வெளியிட்ட அறிக்கையில் அடுக்குகளை ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என மூன்றாக வகுத்தார். கீழிருந்து மேலாக அமைந்த அவ்வரிசை இன்றும் உலக நூல்களில் அப்பெயர்களாலேயே வழங்குகிறது. நம் சிற்றூர்களின் பெயர்கள் இவ்வாறு காலத்தின் பெயர்களாக உயர்ந்தன. அவர் பிற்காலத்தில் வானிலை ஆராய்ச்சியில் புகுந்து, 1875-ல் இந்திய அரசாங்கத்தின் முதல் வானிலை அதிகாரியானார்.

திரட்டிய படிவங்களை விவரித்து எழுதும் பெரும்பணி பெர்டினாண்டு ஸ்டோலிச்கா என்னும் இளைஞரிடம் வந்தது. மொராவியாவில் 1838-ல் பிறந்த அவர், தென்னிந்தியக் கிரிட்டேசிய உயிர்களைப் பற்றிப் பெருந்தொகுதிகளாக எழுதி, பத்தாண்டு உழைப்புக்குப்பின் 1873-ல் முடித்தார். மறு ஆண்டே யார்க்கண்டு தேயத்திற்குச் சென்ற தூதுக் குழுவினருடன் திரும்பி வருகையில், லடாக்கின் உயர்ந்த கணவாய் வழியில் நோயுற்று இறந்தார். அப்போது அவருக்கு வயது 36. அவர் உடல் லே நகரில் அடக்கம் செய்யப்பட்டது. அரியலூர் நத்தை ஒன்றை ஆராய்வோர் இன்றும் அவர் வரைந்த பக்கங்களைப் புரட்டியே தொடங்க வேண்டியிருக்கிறது.

இடக்குறிப்பு எவ்வளவு பெரிய உண்மையைத் தாங்குகிறது என்பதற்கு மற்றோர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். அரியலூர்த் தொகுதிக்கு மேலே நிணியூர் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் அடுக்கு ஒன்று உண்டு. அரியலூர் அடுக்கில் அம்மோனைட்டுகள் உண்டு. நிணியூர் அடுக்கில் அவற்றைக் காணோம். அம்மோனைட்டின் உறவான நாட்டிலஸ் மட்டும் அங்கே தொடர்ந்து காணப்படுகிறது. இவ்விரண்டுக்கும் இடையேதான், ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், உலகெங்கும் டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் அழிந்த பேரழிவு நிகழ்ந்தது. உலகத்தின் வரலாற்றில் ஒரு யுகம் முடிந்து மறு யுகம் தொடங்கிய செய்தி, பக்கத்துப் பக்கத்து ஊர்களில் கிடக்கும் கற்களின் வேறுபாட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அரியலூர்க் கல்லையும் நிணியூர்க் கல்லையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கியவன் அந்தச் செய்தியை அழித்தவன் ஆவான்.

நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. அதில் எனக்கு நெடுங்காலம் முன்பே யாரோ ஆர்வத்துடன் சேர்த்து வைத்த அம்மோனைட்டுகள் முப்பதுக்கு மேல் இருந்தன. சிலவற்றின் வரி வடிவங்கள் தூரிகையால் தீட்டியவை போல் துலங்கும். ஒன்றிலேனும் சீட்டு இல்லை. ‘ஐயா, இது எந்த ஊரில் கிடைத்தது?’ என்று மாணவன் கேட்டால் ஆசிரியர் எவரும் விடை கூற இயலவில்லை. கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் அவற்றைப் பார்த்து மகிழ்ந்தார். ஆனால் ஆராய்ச்சிக்கு ஒன்றையும் எடுத்துச் செல்லவில்லை. சேர்த்தவரின் உழைப்பு அழகாக இருந்தும் பயன்படாமல் போயிற்று.

தேடி எடுப்பது பாதி வேலை; துலக்குவது மறுபாதி. பாறையைப் பற்றியுள்ள படிவத்தைச் சிதைவின்றி விடுவிப்பதற்குப் பலத்தைவிடப் பொறுமையே வேண்டும். வயலில் படிவத்தை ஒட்டிச் சுத்தியலால் அடித்தல் ஆகாது; சுற்றியுள்ள கல்லையும் சேர்த்து எடுத்து, காகிதத்தில் பொதிந்து வீட்டிற்குக் கொண்டு வர வேண்டும். மணல் நிரப்பிய சிறு பையின்மேல் கல்லை இருத்தி, பூதக்கண்ணாடியின் கீழ், மரப்பிடியில் பொருத்திய ஊசியாலும் சிற்றுளியாலும் கல்லைத் துளித்துளியாக நீக்க வேண்டும். ஊசி எப்போதும் படிவத்தை விட்டு விலகும் திசையில் செல்ல வேண்டும். தூசியை மெல்லிய தூரிகையால் துடைக்க வேண்டும். அத்தூசி நுரையீரலுக்குக் கேடு விளைப்பதால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது அவசியம். உடைந்த துண்டுகளை எறிந்துவிடாமல், வேண்டும்போது கரைத்துப் பிரிக்கத்தக்க பிசினால் ஒட்ட வேண்டும்.

சுண்ணாம்புப் பாறையில் பதிந்த எலும்புகளை விடுவிக்க, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பயன்படுத்தும் முறை ஒன்று உண்டு. அமிலம் சுண்ணத்தைக் கரைக்கும். எலும்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் அரியலூர்ச் சிப்பியின் ஓடே சுண்ணத்தால் ஆனது. அதை அமிலத்தில் இட்டால் பாறையோடு படிவமும் சேர்ந்து கரையும். ஆகவே பிறர் செய்த முறையைக் கேட்ட மாத்திரத்தில் பின்பற்றாமல், தம் கையில் உள்ள கல்லின் இயல்பை அறிந்து செயற்படுதல் வேண்டும்.

பெரிய எலும்புகளை எடுப்பதற்கு வேறொரு முறை. 1876-ல் அமெரிக்காவில் மாண்டானாப் பகுதியில் கோப் என்னும் அறிஞரின் குழுவினர் டைனோசர் எலும்புகளை அகழ்ந்தபோது, அவை கையில் எடுக்குமுன் பொடிந்து போயின. அவர்களிடம் உணவுக்கென அரிசி மிகுதியாக இருந்தது. அதைக் குழையக் காய்ச்சிக் கஞ்சியாக்கி, துணிக் கீற்றுகளைத் தோய்த்து, எலும்பைச் சுற்றி ஒட்டினார்கள். கஞ்சி காய்ந்து இறுகியதும் எலும்பு உறையுள் பத்திரமாயிற்று. நம் சலவைத் தொழிலாளர் துணியை விறைப்பாக்கும் அதே உபாயம் அங்கே எலும்பைக் காத்தது. விரைவில் கஞ்சிக்குப் பதிலாகப் பாரிஸ் சாந்தில் தோய்த்த சாக்குத் துணி வழக்கத்திற்கு வந்தது. வைத்தியர் முறிந்த கையைக் கட்டுவது போல எலும்பைக் கட்டி எடுக்கும் அம்முறை இன்றளவும் நிலைத்திருக்கிறது.

இம்முறைகள் யாவும் இருந்தும் இழப்பு நேர்வதுண்டு. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் மாபெரும் எலும்புகள் சில கிடைத்தன. 1987-ஆம் ஆண்டு இதழில் அவற்றை விவரித்து, புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டனர். பெருத்த காயத்தை, அதாவது உடலை, உடைய பல்லி என்பது பொருள். அதன் கீழ்க்கால் எலும்பு ஏறக்குறைய 2 மீட்டர் நீளம் என்று குறிக்கப்பட்டது. முதலில் அதை ஊனுண்ணும் இனம் என்றனர். பின்னர் நீண்ட கழுத்துடைய தழையுண்ணி என்றனர். எலும்புதானா, கல்மரமா என்று ஐயுற்றோரும் உண்டு. எலும்பை மீண்டும் பார்த்து ஐயம் தீர்க்க வழியில்லாமற் போயிற்று. மழைக்காலத்து ஈரம் ஏறிய மண்ணில் கிடந்த அவ்வெலும்புகள், சாந்துறைக்குள்ளேயே பொடிந்து போயின. எஞ்சியவை அளவுகளும் படங்களுமே. 2022-ல் அக்காலப் புகைப்படங்கள் சில வெளியிடப்பட்டபின், அது தழையுண்ணியே என்னும் கருத்து வலுப்பெற்றது. எலும்பு அழிந்தும் குறிப்பும் படமும் காத்து நின்றன.

இன்று அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புக்கல் சிமெண்டு உற்பத்திக்காகப் பெருமளவில் வெட்டப்படுகிறது. வீடும் பாலமும் கட்டச் சிமெண்டு வேண்டும், அதை மறுப்பதற்கில்லை. சுரங்கம் வெட்டுவதாலேயே புதிய அடுக்குகள் கண்ணுக்குத் தெரிகின்றன என்பதும் உண்மை. ஆயினும் பல கோடி ஆண்டுகள் காத்திருந்த படிவம் ஒன்று, வெளிச்சத்தைக் கண்ட அன்றே அரவை இயந்திரத்துள் சென்று மறைகிறது. காரைப் பொட்டலில் மழை ஒவ்வோராண்டும் சிலவற்றை வெளிப்படுத்துகிறது. அடுத்த ஆண்டு அவற்றையே உடைத்துப் பொடியாக்கி ஓடையில் சேர்க்கிறது. அறிவுடன் எடுத்து வைக்கும் கை ஒன்று இடையே வராவிட்டால் அவை எவருக்கும் பயன்படா.

அந்தக் கை யாருடையதாக இருக்கக்கூடும்? அறிஞர் சிலரே, ஊர்களோ பல. கிணறு வெட்டுவோரும், ஆடு மேய்க்கும் சிறுவரும், பள்ளி ஆசிரியரும், மாணவருமே முதலில் காண்பவர்கள். 2020-ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் அருகே உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது, டைனோசர் முட்டைகள் என்ற வதந்தி நாடெங்கும் பரவியது. அறிந்தோர் ஆராய்ந்து, அவை அம்மோனைட்டுகளைச் சுற்றிப் படிந்து இறுகிய உருண்டைகளே என்று விளக்கினர். வதந்தியை நகையாடுவது எளிது. ஆனால் கல்லைக் கண்டு நின்று பார்க்கும் மக்கள் இருக்கிறார்கள் என்பது நல்ல செய்தி. அவர்களுக்கு முறையைக் கற்பிப்பதே நம் கடமை.

முறை எளியது. சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் கல்மரத்தை 1940-ல் உலகுக்கு அறிவித்தவர் நம் நாட்டு அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன். அதுவும் திருவக்கரை மரங்களும் தேசியச் சின்னங்களாகப் பாதுகாக்கப்படுகின்றன. அவ்விடங்களில் ஒரு சிறு துண்டையும் எடுத்தல் கூடாது. பிறர் நிலத்தில் உரியவரின் இசைவு பெற வேண்டும். எலும்பு போன்றது எதைக் கண்டாலும் தோண்டாமல், அவ்விடத்தைக் குறித்துக்கொண்டு பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவிற்கோ அருகிலுள்ள கல்லூரிக்கோ தெரிவிக்க வேண்டும். வாரணவாசியில் இப்பகுதிப் படிவங்களுக்கென்றே அருங்காட்சியகம் ஒன்று அமைந்துள்ளது. சிறுவரை அழைத்துச் சென்று காட்டலாம்.

உதிர்ந்து கிடக்கும் சிப்பி ஒன்றை எடுப்பவர், எடுத்த அக்கணமே ஒரு சீட்டில் ஐந்து செய்திகளை எழுதுவாராக: ஊர், ஊரிலிருந்து திசையும் தொலைவும், கிடந்த மண் அல்லது பாறையின் நிறமும் தன்மையும், தேதி, எடுத்தவர் பெயர். கல்லில் ஓர் ஓரத்தில் எண் இட்டு, அதே எண்ணைச் சீட்டிலும் இட வேண்டும். மழுங்காத மையால் எழுத வேண்டும். வீட்டிற்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடலாகாது; வழியிலேயே நினைவு கலங்கும்.

கே, கன்லிப் ஆகியோர் நாடாள வந்த கம்பெனியின் ஊழியர். அவர்கள் திரட்டிய நம் மண்ணின் கற்கள் கடல் கடந்து சென்றன. ஆயினும் ஓய்வு நேரத்தில் இருவர் ஒழுங்குடன் செய்த காரியம் ஒரு பெரும் ஆராய்ச்சிக்கு அடிகோலியது. இன்று நம் சிறுவருக்குக் கல் பக்கத்திலேயே இருக்கிறது, பள்ளியும் இருக்கிறது. அரியலூர்ப் பகுதிப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஓர் அலமாரியும், அதிலுள்ள கல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டும் இருக்குமாயின், நம் ஊர்களின் அடியில் கிடக்கும் கடலின் வரலாற்றை நம் பிள்ளைகளே எழுதி முடிப்பார்கள்.